ஆமென் சொல்லாதவள்

தோளில் கடப்பாரை கிடக்கிறது, அந்தி வெளிச்சம் இறங்கி ஒவ்வொரு உப்புப் பாத்தியும் ஒவ்வொரு நிறமாகக் கிடக்கிறது, ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல், ஒன்று வெறும் வெள்ளை, நடுவே வரப்பின் மேல் அவர் நடந்து வருகிறார், நடையில் ஏதோ சரியில்லை, குடித்துவிட்டு வருகிற நடை எனக்குத் தெரியும், யாரையாவது அடித்துவிட்டு வருகிற நடையும் தெரியும், இது இரண்டும் இல்லை, கால் ஓரிடத்திலும் மனம் வேறிடத்திலுமாக வருகிறவரின் நடை, நான் வாசலில் நின்று நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறேன், என் சேலையைப் பிடித்துக்கொண்டு மகள் பேச்சி நிற்கிறாள், அப்பா வாராவ என்கிறாள், ஆமா என்கிறேன், எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, இன்றைக்கும் கனவில் அந்த வரப்பு நீண்டுகொண்டே போகிறது, அவர் நடந்துகொண்டே இருக்கிறார், வீடு வந்து சேருவதில்லை. நிஜத்தில் வந்து சேர்ந்தார், கடப்பாரையைச் சுவரோரம் சாய்த்தார், என்னங்க, கொட்டகையைப் பிரிச்சுப் போட்டாச்சா என்று கேட்டேன், இல்ல என்றார், முதலாளி சொன்ன வேலையை முடிக்காமல் அவர் திரும்பி வந்த நாள் என்று ஒன்று அதுவரை எங்களுக்கு இருந்ததே இல்லை, சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் புருஷன் கொம்பையா என்றால் தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளமாகவே கிடக்கிற அந்த அளக்காடு முழுவதும் தெரியும், தெரியும் என்றால் பயம் என்று அர்த்தம், தாய் தகப்பன் இல்லாமல் திரிந்த பிள்ளையை அளத்து முதலாளி கூட்டி வந்து சோறு போட்டு வளர்த்தார், வளர வளரக் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தார், முதலில் டார்ச் லைட், பிறகு கம்பு, பிறகு அரிவாள், உப்பு வாருகிற ஆட்கள் நாலு பேர் கூடி நின்று பேசினால் இவர் போய் நிற்பார், அடிக்கவே வேண்டாம், நின்றாலே கூட்டம் கலைந்துவிடும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் தண்ணீர்க் குழாயடியில் எனக்கு வழி விடுவார்கள், குடத்தை முன்னால் வைக்கச் சொல்வார்கள், அது மரியாதை இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நாளானது, அதற்குப் பிறகு கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போய்த் தண்ணீர் பிடித்தேன். அந்த அளத்தின் கிழக்கு ஓரத்தில், உடைமரங்களுக்கு நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கில்தான் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்லுவோம், ஓலைக் கொட்டகை போட்டிருந்தார்கள், ஞானாபரணம் என்று ஓர் உபதேசியார், ஒடிந்து விழுவது போல் இருப்பார், பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்து அங்கே ஜெபம் நடத்துவார், வருகிறவர்கள் எல்லாம் அளத்துப் பெண்கள். ஜெபம் என்று கூடுகிற இடத்தில் நாளைக்குச் சங்கம் என்று கூடுவார்கள், பிரிச்சுப் போட்டுட்டு வா என்று முதலாளி சொன்னார், இவர் ஒரு தடவை பிரித்துப் போட்டார், அடுத்த வாரமே கட்டிவிட்டார்கள், இரண்டாவது தடவை பிரிக்கப் போய்த்தான் வெறும் கையோடு திரும்பி வந்தார்.

சங்கம் என்ற சொல்லுக்கு முதலாளி ஏன் அப்படி நடுங்கினார் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும், அதற்குக் கொஞ்ச காலம் முந்தி தங்கப்பழம் அண்ணாச்சி என்று ஒருவர் இருந்தார், உப்பு வாருகிறவர்தான், கால் புண்ணுக்கு மருந்து வேண்டும், பெண்களுக்கு ஒதுங்க ஒரு மறைவு வேண்டும் என்று கேட்டு எல்லாரையும் சேர்த்துச் சங்கம் வைத்தார், ஒருநாள் அவரை வெட்டிக் கொன்று பம்பு செட் வாய்க்காலில் போட்டிருந்தார்கள். முந்தின நாள் டீக்கடையில் அவருக்கும் சிவனணைந்தபெருமாள் என்கிற இன்னொரு தொழிலாளிக்கும் கைகலப்பு, பாத்திக்கு யார் முதலில் தண்ணீர் திருப்புவது என்கிற சண்டை, மறுநாள் மறந்துபோகிற சண்டை, அதை வைத்துச் சிவனணைந்தபெருமாளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் கூண்டில் ஏறி, இவன் வெட்டினதை எங்கள் கண்ணால் பார்த்தோம் என்றார்கள், ஆயுள் தண்டனை ஆயிற்று, மதுரை ஐகோர்ட்டில் போட்ட அப்பீல் எடுப்பாரில்லாமல் கிடந்தது. அவர் பெண்சாதி பட்டுக்கனி அக்கா, கறுத்து உயர்ந்த உருவம், தலையில் உப்புப் பெட்டியோடு வரப்பில் போனால் அந்தப் பெட்டிக்கே கனம் இல்லாதது போல் இருக்கும், புருஷன் உள்ளே போன வருஷமே அவள் வேதத்தில் சேர்ந்துவிட்டாள், எம் புருசனுக்காகச் சாமிகிட்ட கேக்க எனக்கு ஒரு இடம் வேணும், அங்க கேக்காவ, அதான் போனேன் என்று யாரிடமோ சொன்னாளாம். அந்தக் கொலையை யார் செய்தது என்று ஊருக்குள் மெல்லப் பேசிக்கொண்டார்கள், என் காது கேட்கிற தூரத்தில் பேசமாட்டார்கள், அவ்வளவுதான்.

கடப்பாரையோடு திரும்பி வந்த அந்த அந்திக்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் கொட்டகைப் பக்கம் போய் வெளியே உடைமரத்தடியில் நிற்க ஆரம்பித்தார், முதல் நாள் இவரைக் கண்டதும் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சிதறிப் போனார்களாம், உபதேசியார் மட்டும் வெளியே வந்து, வெயிலா கெடக்கு, உள்ள வாங்க என்றாராம், நான் இங்கனயே நிக்கேன் என்றாராம் இவர், அப்படியே நின்றார், பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, வீட்டுக்கு வந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே போய்க் கதவோரம் உட்கார்ந்தார், சாராயம் நின்றது, கெட்ட வார்த்தை நின்றது, ஆள் பார்க்கப் போகிறான், யார் யார் வருகிறார்கள் என்று கணக்கெடுத்து முதலாளியிடம் சொல்வான் என்று ஊர் சொன்னது, முதலாளியும் அப்படித்தான் நினைத்து முதலில் சிரித்தார், நான் சிரிக்கவில்லை, எனக்குப் பயமாக இருந்தது, என் இசக்கியம்மன் கோயிலுக்குப் போய் அவர் பேரில் மஞ்சள் கயிறு கட்டினேன், ஆத்தா, இந்த மனுசனை முன்ன மாதிரி ஆக்கித் தா என்று கேட்டேன், கேட்டுக்கொண்டிருக்கும்போதே முன்ன மாதிரி என்றால் எது மாதிரி என்று எனக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது, கயிற்றின் முடிச்சை இறுக்கிவிட்டுத் திரும்பி வந்தேன். ஞானஸ்நானம் எடுத்துக்கிடுதீயளா, பாதிரி ஐயரை வரச் சொல்லட்டா என்று உபதேசியார் கேட்டபோது, இன்னும் இல்ல, எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு என்றாராம். உபதேசியாருக்கு அது என்ன வேலை என்று புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

அது ஒரு மத்தியானம், பேச்சி பள்ளிக்கூடம் போயிருந்தாள், நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், அவர் வந்து எனக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார், ஏட்டி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்றார், சொல்லுங்க என்றேன் மீனிலிருந்து கண்ணை எடுக்காமல், அன்னிக்குக் கொட்டகையைப் பிரிக்கப் போனேம்லா, பின்பக்கத்துக் கம்பைப் பெயர்க்கக் கடப்பாரையை ஓங்கிட்டேன், உள்ள உபதேசியார் ஜெபம் பண்ணுதாரு, ஆண்டவரே, செய்யாத குற்றத்துக்காக உள்ளே இருக்கிற சிவனணைந்தபெருமாளை நினைத்தருளும்ங்காரு, எல்லாரும் ஆமென்ங்காவ, பிறகு சொல்லுதாரு, அந்தக் கொலையைச் செய்த மனுஷன் யாரோ எங்களுக்குத் தெரியாது, உமக்குத் தெரியும், அவன் ஆத்துமாவுக்கும் இரங்கும்ங்காரு. எனக்குக் கை அப்படியே நின்னுட்டு. யாரும் ஆமென் சொல்லல. அப்ப ஒரு பொம்பளை எந்திரிச்சுச் சொல்லுதா, இதுக்கு நான் ஆமென் சொல்ல மாட்டேன் உபதேசியாரே, அவன் சாப்பிடுதான், தூங்குதான், பிள்ளையைக் கொஞ்சுதான், எம் புருசன் கம்பிக்குள்ள கெடக்காரு, அவன் வந்து என் முன்னால நிக்கட்டும், அதுக்குப் பிறகு பாப்போம்ங்கா. சரிம்மா, நீ சொல்ல வேண்டாம், நான் சொல்லிக்கிடுதேன்ங்காரு உபதேசியார். ஒத்தையா ஒரு ஆமென் கேட்டுச்சு. இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார், மீன் செதில் என் கை முழுவதும் ஒட்டியிருந்தது, நான் மெல்ல நிமிர்ந்து பார்த்தேன், அவர் சொன்னார், அந்த மனுஷன் நான்தாம்ட்டி. தங்கப்பழத்தை வெட்டுனது நான்தான்.

என்ன செய்தேன் என்று இப்போது யோசித்தால் முதலில் மீனைத்தான் கழுவி முடித்தேன், தண்ணீரைக் கொட்டினேன், சட்டியை அடுப்பில் வைத்தேன், பிறகுதான் எனக்குக் குரல் வந்தது, யாருக்கும் தெரியாதுல்லா, யாரும் கேக்கலல்லா, நீங்க ஏன் வாயைத் தெறக்கீய, சாமி மன்னிச்சா போதாதா, அந்தச் சாமிதான் எல்லாத்தையும் மன்னிக்கும்னு பாடுதாங்களே என்று கத்தினேன், பேச்சிக்கு அப்பன் வேண்டாமா என்றேன், அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், எல்லாம் சரிதான் என்பது போல், ஆனால் சிவனணைஞ்சான் பிள்ளைக்கும் அப்பன் வேணும்லா, கோர்ட்டுல போய்ச் சொல்லப் போறேன் என்றார், அவ்வளவு மெதுவாகச் சொன்னார், எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல் இருந்தது. மறுநாள் நான் உபதேசியார் வீட்டுக்கு நடந்தே போனேன், திக்கித் திணறி எல்லாவற்றையும் சொல்லி, நீங்கதான் இவரை மயக்கி வச்சிருக்கீய, நீங்களே போக வேண்டாம்னு சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாரு என்றேன், அவருக்கு அதுவரை தெரியாது, அந்த மெலிந்த முகம் வெளிறிப்போவதைப் பார்த்தேன், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அம்மா, நான் தெரியாத ஒரு ஆளுக்காக ஜெபம் பண்ணினேன், அந்த ஆளு என் பாயில வந்து உக்காருவான்னு நெனைக்கல என்றார், பிறகு, போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா, உங்களையும் பிள்ளையையும் நெனைச்சா எப்படிச் சொல்லுவேன், ஆனா போகாதீயன்னும் என்னால சொல்ல முடியாது, அப்படிச் சொன்னா இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் பொய்யாயிரும் என்றார், எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது, பயம் மட்டும் அப்படியே இருந்தது.

என் புருஷன் ஒன்று செய்தார், இப்போதும் அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, நேரே முதலாளியிடம் போய், நான் கோர்ட்டுல போய் உள்ளதைச் சொல்லப் போறேன், நீங்க சொல்லித்தான் செஞ்சேன்கிறதையும் சொல்லுவேன், சோறு போட்டவுகளுக்குத் தெரியாமச் செய்யக்கூடாதுன்னு முன்னக்கூட்டிச் சொல்ல வந்தேன் என்று சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் அவர் இல்லாத நேரமாகப் பார்த்து முதலாளியின் ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது, முதலாளி ஒருவராகவே இறங்கி வந்தார், வெள்ளை வேட்டி, நல்ல சிரிப்பு, என்ன தாயி, நல்லாயிருக்கியா என்றார், கொம்பையாவுக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறுது, நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும், என் பிள்ளை மாதிரி வளத்தவன், அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது என்றார், பேச்சியைப் பக்கத்தில் கூப்பிட்டார், அவள் தலையில் கையை வைத்தார், பிள்ளை அழகா வளருதே, தெனமும் அளத்து வழியாத்தான் பள்ளிக்கூடம் போகுதோ, தனியாவா போகுது, பாத்துப் போகச் சொல்லணும் தாயி, காலம் கெட்டுக் கெடக்கு என்றார், கையை எடுக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன், மோதிரம் போட்ட, சுத்தமான, நகம் வெட்டிய கை, ஒரு உப்புக் கல்கூட ஒட்டாத கை, இதே கைதான் தாய் தகப்பன் இல்லாத ஒரு பிள்ளையின் தலையிலும் ஒருநாள் இப்படி அன்பாக வந்து இறங்கியிருக்கும், அந்தப் பிள்ளையும் இதே மாதிரி அண்ணாந்து பார்த்திருக்கும் என்று தோன்றியது, நான் போய் மகளின் கையைப் பிடித்து அந்தக் கைக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டேன், அவுக வரட்டும், சொல்லுதேன் என்றேன். அவர் வந்தார், விளக்கு வைத்துவிட்டுச் சொன்னேன், நாளைக்கே போங்க, நானும் வாரேன். அவர் என்னைப் பார்த்தார், ஏட்டி, நீ அழலியா என்றார், அழுகதெல்லாம் பிறகு பாத்துக்கிடலாம், முதல்ல பட்டுக்கனி அக்கா வீட்டுக்குப் போகணும், அவ கேட்டாள்லா, முன்னால வந்து நிக்கட்டும்னு, அங்க போயிட்டு மத்த இடத்துக்குப் போவோம் என்றேன். பேச்சியை அன்றைக்கே என் அம்மா வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் என் தம்பியோடு ஏற்றிவிட்டேன்.

பட்டுக்கனி அக்கா கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள், வேலைக்குப் போகப் புறப்பட்ட கோலம், இவரைக் கண்டதும் வாளிக் கயிற்றை இழுத்தபடி அப்படியே நின்றாள், உபதேசியாரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் பின்னால் வந்து நின்றார், இவர் முற்றத்தில் நடுவாக நின்று, யக்கா, தங்கப்பழத்தை வெட்டுனது நான்தான், உங்க வீட்டுக்காரரு இல்ல, நான் கோர்ட்டுக்குப் போறேன், போறதுக்கு முந்தி உங்க முன்னால வந்து நிக்கணும்னு வந்தேன் என்றார், பாடம் ஒப்பிப்பது போல் ஒரே மூச்சில் சொன்னார், கிணற்றுக்குள் வாளி விழுகிற சத்தம் கேட்டது, அவள் கயிற்றை விட்டிருந்தாள். எனக்குத் தெரியும்ல என்றாள், ஊருக்கே தெரியும், எவன் வாயைத் தெறந்தான், நீ ஏன் இப்ப வந்து சொல்லுத, ஜெபத்துல உக்காந்து மனசு உருகிப்போச்சோ என்று கேட்டாள். இல்லக்கா, உபதேசியார் எனக்காகக் கேட்டாரு, அதோட விட்டிருந்தா நான் கேட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன், நீங்க ஆமென் சொல்ல மாட்டேன்னு சொன்னீய பாருங்க, அதுதான் என்னைப் போகவிடல, சாப்பிட உக்காந்தா நீங்க சொன்னது கேக்கு, பிள்ளையைத் தூக்குனா நீங்க சொன்னது கேக்கு என்றார் அவர். அவள் வந்தாள், கையால் அடித்தாள், முகத்தில், தோளில், நெஞ்சில், உப்பு வாரிய கையின் அடி, ஊரையே அடித்த அந்த மனுஷன் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார், உதடு கிழிந்து ரத்தம் வந்தது, நான் ஓடிப்போய்த் தடுக்கப் பார்த்தேன், உபதேசியார் என் கையைப் பிடித்துக்கொண்டார், அவள் களைத்துப்போய்த் தானாக நிறுத்தினாள், அவிழ்ந்த கொண்டையை அள்ளி முடிந்தாள், ஏல, நட, கோர்ட்டுக்கு நட, நான் பின்னால வாரேன், பாதி வழியில ஓடிருவேல்லா, பாக்கேன் என்றாள்.

அப்படித்தான் நாங்கள் போனோம், நாலு பேர், முன்னால் உபதேசியார், பிறகு என் புருஷன், பிறகு நான், கடைசியில் அவள், அளத்து வரப்பு வழியாக ரோட்டுக்கு, உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பஸ்ஸில் அவர் உட்கார்ந்த சீட்டுக்கு நேர் பின்னால் அவள் உட்கார்ந்தாள், வழி முழுவதும் அவர் பிடரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், இடம் அதுதான் இருந்தது, எங்கள் இரண்டு பேரின் தோளும் பஸ் குலுங்கும்போதெல்லாம் இடித்துக்கொண்டன, ஒரு நிறுத்தத்தில் கூட்டம் ஏறியபோது அவர் தலை தெரியாமல் போனது, அவள் சட்டென்று எழுந்து எட்டிப் பார்த்தாள், அவர் திரும்பி, இங்கனதான் இருக்கேன்க்கா என்றார். உபதேசியாருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் எங்களை மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போனார், மாஜிஸ்திரேட் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா, நீ சொல்வது உனக்கே எதிராகத் திரும்பும் தெரியுமா என்றெல்லாம் கேட்டாராம், போய் யோசித்துவிட்டு நாளைக்குச் சொல் என்று காவலில் வைக்கச் சொன்னாராம், மறுநாளும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார், அரிவாளை எங்கே புதைத்தார் என்று கூட்டிப்போய்க் காட்டினார், அவரை வண்டியில் ஏற்றும்போது நான் கம்பி வழியாக அவர் விரலைத் தொட்டேன், பயமாருக்கா என்று கேட்டேன், இருக்கு, ஆனா மனசுல பாரம் இல்லட்டி என்றார். பட்டுக்கனி அக்கா கோர்ட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் நின்றாள், வண்டி கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் நின்றாள்.

பிறகு வந்த காலத்தை ஒழுங்காக நினைத்துப் பார்க்க முடியவில்லை, துண்டு துண்டாக வருகிறது, முதலாளியின் ஆட்கள் வந்து வீட்டுச் சாமான்களை வெளியே வைத்தது, நான் அழாமல் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்துக்கொண்டது, முதலாளி மேல் போட்ட வழக்கு இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே போய் அவர் கட்டிலில் படுத்து நோயில் செத்தது, ஒரு விடியற்காலையில் பட்டுக்கனி அக்கா என் அம்மா வீட்டுக்கே தேடிக்கொண்டு வந்து வெளியே நின்றபடி, எங்க அளத்துல, அது இப்ப வேற ஆளோட அளம், வாருகதுக்கு ஒரு ஆள் வேணுங்காவ, சொல்லி வச்சிருக்கேன், வா என்றது, நான் வாயைத் திறப்பதற்குள், நான் உன் புருசனை மன்னிச்சிட்டேன்னு நெனைச்சிராத, அவன் விசயம் வேற, உன் வயிறு வேற என்றது. மதுரை ஐகோர்ட்டில் தூங்கிக்கொண்டிருந்த அப்பீலை எழுப்பினார்கள், சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியை விட்டுவிட்டார்கள், அவர் ஜெயிலிலிருந்து நேரே திருச்செந்தூருக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார், பெண்சாதியின் வேதத்தில் சேரவில்லை, அவள் வற்புறுத்தவும் இல்லை. அதற்கு முந்தி இரண்டு பேரும் ஒரே ஜெயிலில் இருந்தபோது, என் புருஷன் முன்னால் போய் நின்றதற்கு அண்ணாச்சி முகத்தில் துப்பியிருக்கிறார், மூன்றாவதோ நான்காவதோ தடவை போய் நின்றபோதுதான், ஏன்டா உனக்கு இந்தப் புத்தி அப்ப வரல என்று கேட்டாராம், நான் மனுப் போட்டு ஜெயிலில் பார்க்கப் போனபோது இவர் என்னிடம் சொன்னார். இவருக்கு ஆயுள் தண்டனை, தீர்ப்பைக் கேட்டுத் தலையை ஆட்டினார், நீதிபதி ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டதற்கு, இல்லைய்யா, சரியாத்தான் இருக்கு என்றார்.

அதற்குப் பிறகுதான் ஞானஸ்நானம் கேட்டார், இப்ப கொடுங்க, இப்ப வாங்கலாம் என்று உபதேசியாரிடம் சொல்லியனுப்பினார், ஜெயில் அதிகாரி சம்மதித்தார், டவுனிலிருந்து ஐயர் வருவதாக ஏற்பாடாயிற்று, புதுப் பேரு என்ன வைக்கலாம், பவுல்னு வைப்பமா என்று உபதேசியார் கேட்டபோது, வேண்டாம், பேரை மாத்துனா செஞ்சவன் வேற ஆளு, நான் வேற ஆளுன்னு ஆயிரும், செஞ்சவனுக்குத்தான் தண்ணி வேணும், கொம்பையான்னே இருக்கட்டும் என்றாராம். ஆனால் சபையில் சேர்ந்த ஒருவர் அவருக்காகச் சாட்சி நிற்க வேண்டும், இவரை நாங்கள் அறிவோம் என்று சொல்ல வேண்டும், கொட்டகை இப்போது ஓடு போட்ட கோயிலாகிவிட்டிருந்தது, உபதேசியார் அங்கே எழுந்து கேட்டார், பெரிய பெரிய குடும்பங்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டன, கொலைக் கைதிக்கு எப்படிங்க, பிள்ளைகள் இருக்கு என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் எழுந்து போன பிறகு பட்டுக்கனி அக்கா போய், நான் நிக்கேன் என்றிருக்கிறாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை, உப்புப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நேராகவே கேட்டேன், யக்கா, மன்னிச்சிட்டீயளா, அவள் தலைச் சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள், அது எனக்குத் தெரியல, சில நாள் சரின்னு இருக்கு, சில நாள் எம் புருசன் தூக்கத்துல எந்திரிச்சு உக்காருவாரு, அன்னிக்கு இருக்காது, ஆனா சாட்சின்னா என்ன, பாத்ததைச் சொல்லணும், அவ்வளவுதான, அவன் எங்க வீட்டு முத்தத்துல வந்து நின்னதைப் பாத்தவ நான், அடியை வாங்கிட்டு நின்னதைப் பாத்தவ நான், ஓடாம பஸ்ஸுல உக்காந்திருந்ததைப் பாத்தவ நான், என்னைவிட எவளுக்குத் தெரியும் அவனை என்றாள்.

ஜெயிலுக்குள் ஒரு கூடம், ஜன்னல் வழியாகக் காலை வெயில் சாய்ந்து விழுகிறது, கைதிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவே ஒரு பித்தளைக் கொப்பரையில் தண்ணீர், ஐயர் வெள்ளை அங்கியில் நிற்கிறார், உபதேசியார் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், நான் நெற்றியில் என் இசக்கியம்மன் குங்குமத்தோடு கதவோரம் நிற்கிறேன், பக்கத்தில் பேச்சி, என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள், அவர் முழங்காலிட்டிருக்கிறார், தலை பாதி நரைத்துவிட்டது, பிடரி குனிந்திருக்கிறது, பட்டுக்கனி அக்கா அவருக்குப் பின்னால் நிற்கிறாள், நல்ல சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை, முகம் கல் மாதிரி. ஐயர் கேள்விகள் கேட்கிறார், பாவத்தையும் அதன் கிரியைகளையும் வெறுக்கிறாயா என்கிறார், வெறுக்கேன் என்கிறார் இவர், விசுவாசிக்கிறாயா என்கிறார், விசுவாசிக்கேன் என்கிறார். பிறகு ஐயர் நிமிர்ந்து சாட்சியைப் பார்த்து, இவருடைய பெயரைச் சொல்லுங்கள் என்கிறார். அவள் அவர் பிடரியைப் பார்க்கிறாள். அந்த ஒரு பெயர் அவள் வீட்டை எத்தனை வருஷம் இருட்டாக்கி வைத்திருந்தது, அவள் அதை வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை, அவன் என்பாள், அந்தப் பாவி என்பாள், உன் புருசன் என்பாள், கூடம் முழுவதும் காத்திருக்கிறது, உபதேசியார் கண்ணை மூடிக்கொள்கிறார், பேச்சி என் கையைப் பிடிக்கிறாள், ஐயர் இன்னொரு தடவை மெல்லக் கேட்கிறார், இவருடைய பெயரைச் சொல்லுங்கள் அம்மா. அவள் ஓர் எட்டு முன்னால் வைத்தாள், அவர் தோளில் கையை வைத்தாள், கோர்ட்டில் கூண்டேறிச் சொல்வது போல் எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள், கொம்பையா. அந்தப் பெரிய உடம்பு குலுங்கிற்று, ஐயர் தண்ணீரை அள்ளினார், அவள் கையை எடுக்கவில்லை, அவர் தலையில் ஊற்றிய தண்ணீர் அவள் விரல்களிலும் வழிந்து சேலை நுனியை நனைத்துக்கொண்டு கீழே இறங்கியது.